புள்ளி விழுந்த டீ-ஷர்ட்

"தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை" என்று வேலூரைக் கிண்டலடிப்பது ஊரறிந்த விஷயம். அந்த இரண்டு வரியைப் போட்டு நண்பர்களுக்கு ஆறு டீ-ஷர்ட் அடிக்கலாம் என்று கிளம்பினேன். (கூடவே சொல்லும் "சாமி இல்லாத கோயில்" 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்ததோடு காலாவதியாகிவிட்டது, அதனால் விட்டுவிட்டேன்.) கடையில் ஆறு பீஸுக்கெல்லாம் ஸ்கிரீன் (இங்க் இறங்கும் வலைச்சட்டம்) போட முடியாது என்றார்கள். சரி, நாமே போடுவோம்.

மரச்சட்டத்தில் நைலான் மெஷ்ஷை விறைப்பாக இழுத்து அடித்து, எமல்ஷன் என்கிற ஒளி உணரும் பசையை மெல்லிசாகப் பூசி, இருட்டறையில் ராத்திரி முழுக்கக் காயவைத்தேன். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். மேலே வைக்கும் ஃபிலிமில் டிசைனின் கறுப்பு மறைத்த இடம் மட்டும் தண்ணீர் பட்டால் கரைந்து வழிவிடும், அந்த வழியாகத்தான் இங்க் துணியில் இறங்குகிறது. பல்பு வைத்துச் செய்கிறவர்கள் நிமிஷக்கணக்கில் காட்டுகிறார்களே என்று நானும் மூன்று நிமிஷம் காட்டினேன், ஆனால் ஏப்ரல் மாதம், பகல் பதினோரு மணி, வேலூர் மொட்டைமாடி!

அடித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் இருக்கிறது, புள்ளி ஒன்றுகூட இல்லை. "தணணி இலலாத ஆறு, ராஜா இலலாத கோடடை."

லாங் பஜார் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அண்ணன் ஒருவரிடம் ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு போனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, கம்ப்யூட்டர் குடுத்த புள்ளிய அப்படியே வெச்சியா? வெயில் பக்கவாட்டுல பூந்து அடைச்சிடும்பா, பெருசா வை" என்றார். அதேதான். ஃபிலிமுக்கும் மெஷ்ஷுக்கும் நடுவில் துளி இடைவெளி இருந்தாலும் வெளிச்சம் நுழைந்துவிடும், முதலில் மூடிக்கொள்வது புள்ளிதான். நாலு புள்ளியையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, மேலே கண்ணாடி, அடியில் கறுப்புத் துணி வைத்து, ஸ்கிரீனை ஒரு அட்டையால் மூடி, அதைப் பத்து விநாடிக்கு ஒருமுறை நகர்த்தி ஒரு சோதனை ஓட்டியதில் நாற்பது விநாடியே போதும் என்று தெரிந்தது.

இங்க் வேறு படுத்தியது. பிளாஸ்டிசால் என்கிற பிளாஸ்டிக் இங்க்குக்கு 160 டிகிரி சூடு வேண்டும், வீட்டில் ஆகாத காரியம் என்று தண்ணீர் கலந்த பிக்மென்ட் வாங்கினேன். அது இந்த வெயிலில் மெஷ்ஷிலேயே காய்ந்து அடைத்துக்கொள்கிறது. அப்புறம் காலை ஐந்தரைக்கே எழுந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் ஸ்கிரீன் மேல் இங்க்கைப் பரப்பி ஈரம் போகாமல் வைத்து அடித்தேன். நன்றாகக் காய்ந்ததும் மேலே பட்டர் பேப்பர் போட்டு அயர்ன் பாக்ஸால் அழுத்த வேண்டும். முதல் சட்டைக்கு இதைச் செய்யாமல் துவைத்துவிட்டேன், அது இப்போது வண்டி துடைக்கிறது.

பாத்ரூமில் எமல்ஷன் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, கொடியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, 2021-ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டுப் போச்சே, நீயும்தானே பாலத்துல நின்னு போட்டோ புடிச்ச?"