மூன்றாவது முயற்சியில் நின்ற தண்ணீர்

நேற்று இரவு ஒன்பது மணிக்கு என் லேசரின் (ஒருவர் ஓட்டும் சிறிய பாய்ப்படகு) பாய்மரக் குழாயில், அதாவது டெக்கில் பாய்மரத்தைச் செருகி நிறுத்தும் குழிக்குள், தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். காலை ஆறு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் அதே கோட்டில் நிற்கிறது. அதன் கசிவை அடைக்க மூன்றாவது முயற்சி இது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜனவரியில் படகு வந்தபோதே கனம் அதிகம் என்று தெரிந்தது. லேசர் ஹல், அதாவது படகின் உடல் மட்டும், 59 கிலோ இருக்க வேண்டும். இரண்டு எடை மிஷின்களில் ஏற்றிப் பார்த்ததில் 71. உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. டெக்கில் (படகின் மேல்தளத்தில்) இரண்டு இன்ஸ்பெக்ஷன் போர்ட், அதாவது மூடி போட்ட திறப்புகள், வெட்டி, சின்ன ஃபேன் வைத்து மூன்று வாரம் காற்று ஓடவிட்டதில் 64க்கு வந்தது. அப்புறம் கசிவைத் தேடினேன். பின்பக்க பிளக் வழியாக வாயாலேயே ஊதி, எல்லா ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். கம்ப்ரசர் வைத்து ஊதினால் டெக் பிளந்துவிடும். டெக் விளிம்பில் ஒரு நுரைகூட இல்லை. குழாயின் அடியில் மட்டும் பொங்கியது.

லேசருக்குப் பாய்மரத்தைப் பிடித்துக்கொள்ளக் கம்பிகள் கிடையாது. பாயின் இழுப்பு முழுவதும் இந்த ஒரு குழாயில்தான் இறங்குகிறது. மரம் உள்ளேயே சுழலும். கரையில் ஒட்டிய மணல் கூடவே போனால், அடிச்சுற்றை உப்புத்தாள் போட்டதுபோல் அரைத்துவிடும். என் படகில் அந்த மூலையில் நகம் நுழையும் அளவுக்குப் பள்ளம்.

முதல் தடவை சீலன்ட். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

இரண்டாவது தடவைக்கு முன் கோவளத்தில் மீன்பிடி பைபர் போட் ஒட்டுகிற அண்ணனைப் போய்ப் பார்த்தேன். "மேட்டு போடு தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார். மேட் என்பது கண்ணாடி இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு. போட்டேன், ஆனால் எபாக்ஸி ரெசினில். தப்பு அங்கேதான். அவர் பயன்படுத்துவது பாலியஸ்டர் ரெசின். அதில் உள்ள ஸ்டைரீன்தான் மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசையைக் கரைக்கிறது. எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லாததால் மேட் விறைப்பாகவே நின்று, அடியில் காற்றுக் குமிழி. போதாததற்கு மார்ச் மாத மதியத்தில் 110 கிராம் ஒரே கப்பில் கலக்கினேன். பத்து நிமிடத்தில் கப் புகைந்தது.

இந்த முறை 200 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) நெய்த கண்ணாடி இழைத் துணி. பாரிமுனையில் ஒரு கடையில் ஒரு மீட்டர் கேட்டாலும் வெட்டித் தருகிறார்கள். கிண்டியில் விசாரித்த இடத்தில் முழு ரோல்தான் என்றார்கள். எபாக்ஸி ரெசின் அரால்டைட் எல்.ஒய் 556, அதை இறுக வைக்கும் ஹார்டனர் எச்.ஒய் 951, எடையில் 100க்கு 10. நகைத் தராசில் 30க்கு 3 கிராமாக நிறுத்து, கலக்கியதும் அகலத் தட்டில் ஊற்றிவிட்டேன். பரப்பி வைத்தால் சூடேறாது. வேலை தொடங்கியது காலை ஐந்து மணிக்கு.

குழாய்க்குள் கை போகாது. அதனால் 50 மி.மீ பி.வி.சி பைப்பின் மூடியில் உப்புத்தாள் ஒட்டி அடியைச் சுரண்டினேன். அசிட்டோனில் துடைத்த பிறகு, வட்டமாக வெட்டிய ஐந்து துணிகளை நனைத்து, குச்சி நுனியில் பஞ்சு கட்டி ஒவ்வொன்றாக அழுத்தினேன். மூலைப் பள்ளத்துக்கு ஏரோசில் என்ற கெட்டியாக்கும் பொடி சேர்த்த கலவை. மட்டமாக இறுக வேண்டுமே என்று, கீழ்மரத்தில் (பாய்மரத்தின் கீழ்த்துண்டில்) பேக்கிங் டேப் சுற்றி, மெழுகு தடவி உள்ளே இறக்கினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பியபடி ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். மறந்தால் மரம் நிரந்தரமாக அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கலவை ரப்பர் பதத்துக்கு வந்ததும் உருவினேன். அடி கண்ணாடிபோல் மட்டம், மூலையில் அழகான வளைவு. இதுவரை செய்ததிலேயே எனக்குப் பெருமையான வேலை இதுதான்.

காக்பிட்டுக்கு (ஓட்டுபவர் கால் வைக்கும் பள்ளத்துக்கு) முன்னால் டெக் இன்னும் மிதித்தால் அமுங்குகிறது. அதற்கு ஓட்டை போட்டு ஊசியால் எபாக்ஸி ஏற்ற வேண்டும். ஆனால் மனம் இப்போது பாயில் இருக்கிறது. முழுப் பாய் 7.06 சதுர மீட்டர். என் உடம்புக்கு ரேடியல் என்ற சிறிய பாய் போதும், 5.76தான். நம் சென்னைப் பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது அந்த வகைதான். ஹல் ஒன்றே, பாயும் கீழ்மரமும் மட்டும் சிறியவை. பழையது யாரிடமாவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீரை இன்னும் வெளியே எடுக்கவில்லை. நாளை காலை வரை கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.