"எந்த ஊர்?"

மதுரை விளக்குத்தூண் பக்கம் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் பணியாளர் பிரிவில் வேலை பார்த்தேன். வேலை கேட்டு வருகிறவர்களுக்கு மூன்றாவது மாடியில் நேர்காணல் நடக்கும். மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பங்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை. படிப்பு, முன் அனுபவம் எல்லாம் கேட்டு முடித்து, வந்தவர் எழுந்துகொள்ளும் நேரத்தில்தான் மேலாளர் கேட்பார்: "எந்த ஊர்?" ஊர் பெயர் வந்ததும், "அங்கே எந்தத் தெரு?" அதுவும் போதவில்லையென்றால், "அப்பா பெயர் என்ன?" சாதி என்ற சொல்லை அந்த அறையில் ஒருநாளும் யாரும் உச்சரித்ததில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை.

விண்ணப்பத்தின் ஓரத்தில் நான் பென்சிலால் ஓர் எழுத்துப் போடுவேன். 'மே' என்றால் மேல்மாடிப் பட்டுப் பிரிவு. 'கு' என்றால் குடோன். 'து' என்றால் துப்புரவு, அதுவும் ஒப்பந்தக்காரர் மூலமாக. ஆளை எடுத்து முடித்ததும் எழுத்தை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் கோப்பில் வைக்க வேண்டும்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பி.எஸ்சி. படித்தவள். பேச்சில் அத்தனை தெளிவு. நானே மனத்துக்குள் 'மே' போட்டு வைத்திருந்தேன். தெருவைக் கேட்டதும், "காலனி சார்" என்றாள் நேராக. மேலாளர் என்னைப் பார்த்தார். நான் எழுதினேன். அவள் தலைகீழாகவே அந்த எழுத்தைப் படித்துவிட்டாள். "மேடம், 'து' என்றால் என்ன?" என்று கேட்டாள். "ஒன்றுமில்லையம்மா, பிரிவுக் குறியீடு" என்றேன். விண்ணப்பத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அந்த ஒரு தாளில் மட்டும் என் எழுத்து அழியாமல் போயிற்று.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடமும் இதே கேள்விதான் கேட்டார்கள். ஊரைச் சொன்னதும், "அட, நம்ம பக்கம்தான்" என்று மேலாளர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி என் திறமைக்குக் கிடைத்தது என்றே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிறகு சேர்ந்த ஆணுக்கு என்னைவிட அதிகச் சம்பளம் என்ற மனக்குறை எனக்கு உண்டு. நியாயமான மனக்குறைதான். ஆனால் 'பெண் என்பதால் நானும் பாதிக்கப்பட்டவள்' என்று நினைத்துக்கொண்டே இருந்ததில், என் கையில் இருந்த பென்சில் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

தொழிலாளர் சட்டம் பற்றிய பயிற்சி வகுப்பு ஒன்றில் அமெரிக்க வழக்கு ஒன்றைச் சொன்னார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு அது. 1964-க்கு முன்பு அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்புவது என்ற விதியில் அவர்கள்தான் வெளியே போனார்கள். 1976-இல் நீதிமன்றம் அவர்களுடைய வாதத்தை ஏற்கவில்லை. நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருந்தது, ஆகவே பெண் என்ற பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் அதைத் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு வகையை உண்டாக்க முடியாது என்றது. அங்கே வேலையில் இருந்த பெண்கள் வெள்ளையர்கள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியர் 1989-இல் இதை நாற்சந்தி விபத்தோடு ஒப்பிட்டு எழுதினார். சந்தியில் நிற்பவர் மீது எந்தத் திசை வண்டியும் மோதலாம், நான்கும் சேர்ந்தும் மோதலாம்.

எனக்கு வகுப்பிலேயே உடம்பு கூசியது. எங்கள் கடையில் பெண்கள் இருக்கிறார்களா? புடவைப் பிரிவு முழுக்கப் பெண்கள்தான். பட்டியலின மக்கள் இருக்கிறார்களா? குடோனில் மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். யார் வந்து கேட்டாலும் இரண்டுக்கும் ஆமாம் என்று காகிதம் காட்டியிருப்பேன். அந்த மேலூர்ப் பெண் மட்டும் எந்தக் காகிதத்திலும் இருந்திருக்க மாட்டாள்.

அதே சமயம், இதெல்லாம் ஒன்றோடு ஒன்று கூட்டிப் பார்க்கிற கணக்கும் இல்லை. பட்டுப் பிரிவில் ஒரு மூத்த விற்பனையாளர் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல் நண்பரோடு ஒரே வீட்டில் வெகுகாலமாக வாழ்ந்தவர். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆண், ஊரில் மதிப்பான குடும்பம் என்பதால் அவருக்கு அந்த மௌனமாவது கிடைத்தது. 2019-இல் ஒரு திருநங்கை வேலை கேட்டு வந்தார். பி.காம்., நல்ல கையெழுத்து. அவர் ஊரைச் சொன்னதும் மேலாளர் முகம் இறுகிவிட்டது. மேலாளருக்குத் தெரிந்த குடும்பம், அதே சாதி. "இன்னார் வீட்டுப் பிள்ளையா நீ?" என்றார். எனக்குக் கதவைத் திறந்துவிட்ட அதே கேள்வி அவருக்கு அடைத்துவிட்டது. அந்த ஏப்ரலில்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. போகும்போது அவர் என்னிடம், "இதே ஊர் கோர்ட்டில் என்னை மணமகள் என்று சொல்லிவிட்டார்கள் மேடம். முகூர்த்தப் புடவை எடுத்துக் காட்ட மட்டும் நான் ஆகாதா?" என்றார். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அதைத் தவிர அன்று எதுவும் செய்யவில்லை.

2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் கடைக்கும் ஸ்டூல்கள் வந்தன, கவுன்டருக்குக் கவுன்டர் கணக்குப் பார்த்து. துப்புரவு அக்காக்கள் எப்போதும்போல லிஃப்டுக்குப் பின்னால், புடவை வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டு போனேன். "அவர்கள் ஒப்பந்தக்காரர் ஆட்களம்மா" என்றார் மேலாளர். நான்கு மாதம் திரும்பத் திரும்ப எழுதினேன். கடைசியில் ஆறு ஸ்டூல்கள் வந்தன.

அன்று மதியம் லிஃப்டுக்குப் பின்னால் போனேன். ஸ்டூல்கள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடியே இருந்தன. மூத்த அக்கா அட்டையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். மேலே இருந்த ஸ்டூலை இறக்கி, முந்தானையால் இரண்டு தடவை துடைத்து, என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உட்காருங்கள் மேடம்" என்றார்.