ஆயாவின் பிளாஸ்டிக் பையும் என் ரிப்போர்ட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் என்னை யாரும் சமூகப் பணியாளர் என்று சொல்வதில்லை, ‘வெல்ஃபேர் லேடி’தான். பல வருடம் நான் பார்த்த வேலைக்கு ‘கிராண்ட் கிளார்க்’ (உதவித்தொகைக் குமாஸ்தா) என்று கூப்பிட்டிருந்தாலும் கோபம் வந்திருக்காது. அனாதைப் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகளின் உதவித்தொகைக்கு ரிப்போர்ட் எழுதியே காலம் போன அந்த வயிற்றெரிச்சலைத்தான் இன்று எழுதுகிறேன். (தமிழில் எழுதுவது ஏனென்றால், கோயில் ஹாலில் சனிக்கிழமைதோறும் படித்த தமிழ் துருப்பிடித்துவிடக் கூடாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தென்னாப்பிரிக்காவிலேயே எச்.ஐ.வி. மிக அதிகம் உள்ள மாகாணங்களில் ஒன்று எங்கள் குவாசுலு-நட்டால். 2000-களின் தொடக்கத்தில் அன்றைய சுகாதார அமைச்சர் அதற்குப் பூண்டும் பீட்ரூட்டும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தைக் கொடுங்கள் என்று 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது, அதுவும் ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் என்ற அமைப்பு வழக்குப் போட்ட பிறகு. அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.வி. மாத்திரை வர 2004 ஆகிவிட்டது. அதற்குள் போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் பாட்டிகள் கைக்கு வந்திருந்தார்கள்.

நம் ஆட்கள் இது நம் நோயே இல்லை என்று நெடுநாள் நடித்தார்கள். சாவு வீட்டில் கேட்டால் ‘நிமோனியா’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘டி.பி.’. ஆனால் என் அலுவலக பெஞ்சில் பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்து வந்த சூலு கோகோவும் (அவர்கள் மொழியில் பாட்டி) நம் தெரு ஆயாவும் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள், இரண்டு பேர் மடியிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் பை, உள்ளே ஒரே மாதிரி இறப்புச் சான்றிதழ்.

அவர்கள் கேட்டது பணம். 1998-ல் தொடங்கிய குழந்தை உதவித்தொகை ஏழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாதம் 100 ராண்ட், அவ்வளவுதான். வளர்ப்புக் குழந்தைக்கான ஃபாஸ்டர் கிராண்ட் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். எந்தப் பாட்டியும் எதைக் கேட்பாள் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. அரசாங்கமும் அந்தப் பக்கமே போங்கள் என்று தள்ளிவிட்டது. இதில் ஒரு வில்லங்கம். ஃபாஸ்டர் ஏற்பாடு என்பது அடிபட்ட, கைவிடப்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்ற வைத்த வழி, ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் சமூகப் பணியாளர் விசாரித்து ரிப்போர்ட் எழுத வேண்டும், சிறுவர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டும், அந்த உத்தரவையும் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பேரனைத் தொட்டிலிலிருந்து வளர்த்த கிழவியிடம் போய் ‘இந்தப் பிள்ளையை நீங்கள் வளர்க்கத் தகுதியானவரா’ என்று நான் கேள்வி கேட்டு எழுத வேண்டும். எனக்கே வெட்கமாக இருக்கும். ஆயாக்கள் சிரித்துக்கொண்டே டீ போட்டுத் தருவார்கள்.

2010-ல் முழுதாக நடைமுறைக்கு வந்த சிறுவர் சட்டத்தில் இன்னொரு சிக்கல். பெற்றோரை இழந்து, ‘கண்ணுக்குத் தெரியும் ஆதரவு எதுவும் இல்லாத’ பிள்ளைக்குத்தான் பாதுகாப்பு தேவை என்று அதில் அப்போது வாசகம். சரி, பாட்டி எதிரே உட்கார்ந்திருக்கிறாளே, அவள் கண்ணுக்குத் தெரியவில்லையா? சில மாஜிஸ்திரேட்டுகள் அப்படிச் சொல்லியே மனுவைத் திருப்பி அனுப்பினார்கள், சிலர் கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளைக்குச் சோறு கிடைப்பது எந்தக் கோர்ட்டு, யார் நாற்காலியில் என்பதைப் பொறுத்துப் போயிற்று.

நாடு முழுக்க ஃபாஸ்டர் பிள்ளைகள் ஐந்து லட்சத்தைத் தொட்டார்கள். புதுப்பிக்க ஆளில்லாமல் உத்தரவுகள் காலாவதியாகிப் பணம் நின்றது. 2011-ல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தலையிட்டு அந்த உத்தரவுகளுக்கு உயிர் கொடுத்தது, அப்புறமும் முடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப அவகாசம் நீட்டினார்கள்.

காலாவதியான அந்த உத்தரவுகளில் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. மறைக்கப் போவதில்லை. எழுபது தாண்டிய ஓர் ஆயா, மகள் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பேரன்களை வளர்த்தவர். அந்த மாதம் என் மேஜையில் புதுப்பிக்க வேண்டிய ஃபைல்கள் குவிந்திருந்தன, அவருடையது அடியில் போய்விட்டது, தேதி தாண்டிவிட்டது. மூன்று மாதம் பணம் வரவில்லை. பெரிய பையன் டாக்ஸிக் காசு இல்லாமல் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதை நானாகக் கேட்டபோதுதான் சொன்னார். என்னைத் திட்டவில்லை. ‘நீயும் என்ன பண்ணுவே மா, பேப்பர் அவ்வளவு இருக்கு’ என்றார். திட்டியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. பக்கத்து வீட்டில் குழந்தையை பெல்ட்டால் அடிக்கிறார்கள் என்று ஒருவர் போன் செய்த நாளிலும் நான் இதே ரிப்போர்ட்டுகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்குப் போக ஒன்பது நாள் ஆயிற்று. என் படிப்பு அந்த வீட்டுக்காக. பாட்டியின் வறுமையைச் சரிசெய்ய சாசா (உதவித்தொகை வழங்கும் அரசு நிறுவனம்) அலுவலகத்தில் ஒரு படிவம் போதும், நானும் நீதிபதியும் எதற்கு?

அந்தப் படிவம் வர 2022 ஜூன் ஆயிற்று. உறவினர் வளர்க்கும் அனாதைப் பிள்ளைக்குக் குழந்தை உதவித்தொகையோடு கூடுதல் தொகை: அப்போது 480-உம் 240-உம் சேர்த்து 720 ராண்ட். கோர்ட்டு இல்லை, இரண்டு வருடக் கெடு இல்லை. நாங்கள் சிலர் அன்று சமோசா வாங்கிக் கொண்டாடினோம்.

அதே ஆயா கொஞ்ச நாள் கழித்து வந்தார், பேத்தி ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்திருந்தாள். புதுத் திட்டத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு விரல் மடக்கினார். ஃபாஸ்டரில் அப்போது 1,070 ராண்ட்.

‘அப்போ 350 குறைச்சலா?’

‘ஆமாம் ஆயா. ஆனா கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்.’

‘அலையறதுக்கு என்ன மா, கால் இருக்கு,’ என்றார். அப்புறம் பையைத் திறந்து, ஆடி மாதக் கஞ்சி பூஜைக்கு நன்கொடை எழுத வேண்டுமென்று ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தார். பத்து ராண்ட் எழுதினேன்.