செல் பிளாஸ்டிக்கைப் பார்ப்பதில்லை: பயோமெட்டீரியல்ஸ் பேப்பர் படித்த அனுபவம்

பயோமெட்டீரியல்ஸ் (உடலுக்குள் வைக்கும் பொருட்களைப் பற்றிய பாடம்) பேப்பரில் முதல் இன்டர்னலுக்கு எனக்கு 50க்கு 19. படிக்காமல் போகவில்லை. இன்டெக்ரின், டாலின், வின்குலின், பாக்ஸிலின் என்று செல் ஒட்ட உதவும் புரதங்களின் பெயர்களை ராத்திரி முழுக்க உருப்போட்டுவிட்டுத்தான் போனேன். கேள்வித்தாளில் அந்தப் பெயர்களை யாரும் கேட்கவே இல்லை. "குறுகிய விட்டமுள்ள செயற்கை ரத்தக்குழாயின் உட்பரப்பை வடிவமைக்கவும்" என்று 15 மார்க்குக்கு ஒரு கேள்வி. "செல் ஒட்டிக்கொள்ள ஆர்ஜிடி பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு) பூசலாம்" என்று எழுதி, அழகாகப் படமும் போட்டு வைத்தேன். சார் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: "தட்டணுக்கள்?" (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்.)

அதன் அர்த்தம் எனக்கு லேபில்தான் பிடிபட்டது, அதுவும் ஒரு சொதப்பலுக்குப் பிறகு. எல்929 எலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைப் புது டிஷ்ஷுக்கு மாற்றி, 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுகூடப் படரவில்லை. வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக, கொத்துக் கொத்தாக மிதக்கின்றன. மீடியா கெட்டுப்போச்சா, கன்டாமினேஷனா என்று பதறிக்கொண்டிருந்தபோது சீனியர் அக்கா டிஷ்ஷை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது மைக்ரோ லேப் டிஷ்டா. பாக்டீரியாவுக்கு வாங்கினது."

இரண்டுமே பாலிஸ்டைரீன்தான். செல் வளர்க்கும் டிஷ்ஷை மட்டும் பிளாஸ்மாவில் (ரத்தப் பிளாஸ்மா இல்லை, மின்னேற்றிய வாயு) காட்டி, மேற்பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகளை ஏற்றி, நீர் படியும்படி செய்திருப்பார்கள். அதில், மீடியாவில் கலக்கும் சீரத்திலுள்ள (ரத்தத்தின் தெளிநீர்) ஃபைப்ரோனெக்டின், விட்ரோனெக்டின் என்ற ஒட்டுப் புரதங்கள் செல்லுக்குத் தோதாகப் படியும். சாதா டிஷ் நீரை விரட்டும் ரகம். அங்கே செல் பிடிக்காத அல்புமின் புரதம் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஃபைப்ரோனெக்டின் ஒட்டினாலும் செல் பிடிக்க வேண்டிய பகுதி சரியாக வெளியே தெரியாது. ஆக, செல் பிளாஸ்டிக்கைத் தொடுவதே இல்லை. அதற்கு முன்னால் போய்ப் படிந்த புரதத்தைத்தான் தொடுகிறது.

அன்றைக்கே நோட்டைப் புரட்டிப்போட்டேன். புரதப் பெயர்களில் ஆரம்பிக்காமல், பரப்பில் நடக்கும் வரிசையிலேயே படித்தேன். முதலில் நீர், அடுத்து புரதம், அதைப் பிடிக்கும் இன்டெக்ரின், அதைச் செல்லுக்குள் ஆக்டின் இழையோடு கட்டும் டாலின், வின்குலின், கடைசியில் இழுவிசையும் செல்லின் வடிவமும். எந்தப் பொருளைப் பற்றிக் கேட்டாலும் இந்த வரிசையில் எந்தப் படியில் கை வைக்கிறோம் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி விடை வந்துவிடும்.

ஆர்ஜிடி என்பது ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்றே அமினோ அமிலம். ஃபைப்ரோனெக்டினில் செல் பிடிக்கும் இடம் இதுதான் என்று பியர்ஷ்பாக்கரும் ருஓஸ்லாட்டியும் 1984ல் காட்டினார்கள். எவ்வளவு பூசினால் போதும் என்பதற்கு 1991ல் மாசியாவும் ஹபெல்லும் ஓர் அளவு தந்தார்கள். சதுர செ.மீ.க்கு 1 ஃபெம்டோமோல் (ஒரு மோலைக் கோடி கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒன்றை மேலும் பத்தாகப் பங்கிட்டதுபோன்ற மிக நுண்ணிய அளவு) இருந்தால் செல் படர்ந்துவிடும். 10 இருந்தால் குவியப் பிணைப்புகளும் (செல் பரப்பை இறுக்கிப் பிடிக்கும் புள்ளிகள்) உருவாகும். இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 10 ஃபெம்டோமோல் என்றால் சுமார் 602 கோடி மூலக்கூறு. ஒரு சதுர செ.மீ.யை அத்தனையாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு 16,600 சதுர நானோமீட்டர். வர்க்கமூலம் எடுத்தால் 129 நானோமீட்டர். அறுகோண அடுக்காக வைத்தால் 138. அவர்கள் கட்டுரையில் இந்த இடைவெளி 140 என்று இருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று புரிந்த பிறகு எனக்கு அது மறக்கவே இல்லை. கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இந்தப் பழக்கம் உதவும். எண்ணாக விடை தரும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது.

சோதனைகளைப் படிக்கும்போது முடிவை மட்டும் உருப்போடாதீர்கள், எதை மாற்றாமல் வைத்தார்கள் என்று பாருங்கள். 2006ல் எங்ளர், டிஷர் குழு பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் விறைப்பை மட்டும் மாற்றியது. மேலே பூசிய கொலாஜன் ஒன்றேதான். 1 கிலோபாஸ்கலுக்குள் இருந்த மெத்து ஜெல்லில் ஸ்டெம் செல் நரம்பு செல் சாயலுக்குப் போனது, 10ஐ ஒட்டித் தசை, 30ஐ ஒட்டி எலும்பு. 1997ல் சென், இங்பர் குழுவின் வேலை அதைவிட எனக்குப் பிடிக்கும். செல் தொடும் மொத்தப் பரப்பு கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ஒரே பொட்டாக வைக்காமல் சின்னச் சின்னப் பொட்டுகளாகப் பரப்பி வைத்தார்கள். எட்டி எட்டிப் பிடித்துப் படர்ந்த செல் பிழைத்தது, ஒடுங்கிய செல் செத்தது. இதைப் பென்சிலால் இரண்டு படமாக வரையுங்கள், ஒரு பக்க விளக்கம் மிச்சம்.

இப்போது அந்த ரத்தக்குழாய். 6 மி.மீ.க்குக் குறைந்த குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பதுதான் முதல் தொல்லை. தட்டணுக்களிலும் ஆர்ஜிடியைப் பிடிக்கும் இன்டெக்ரின் இருக்கிறது. மாரடைப்புக்குத் தரும் டைரோஃபைபான் அதை அடைத்துத்தான் வேலை செய்கிறது. ஆனால் நான் அந்த இன்டெக்ரினுக்கே பாய் விரித்து விருந்து வைத்திருந்தேன்! செமஸ்டரில் அதே மாதிரிக் கேள்வி வந்தது. அடியில் பிஇஜி (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பூசி வேண்டாத புரதம் படியாமல் தடுப்பது, அதன்மேல் ரத்தக்குழாயின் உட்சுவரிலுள்ள எண்டோதீலியல் செல் பிடித்து, தட்டணு பிடிக்காத ஆர்இடிவி பெப்டைடை ஏற்றுவது என்று எழுதினேன். படமே போடவில்லை. 15க்கு 13.

வைவாவுக்கு ஒன்று. டிஷ்ஷிலிருந்து செல்லைக் கழற்ற, புரதத்தை வெட்டும் டிரிப்சினோடு ஈடிடிஏ எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். இன்டெக்ரினும், செல்லோடு செல்லை ஒட்டும் கேட்ஹெரினும் பிடித்துக்கொள்ள கால்சியம், மெக்னீசியம் மாதிரி அயனிகள் வேண்டும். ஈடிடிஏ அவற்றைப் பிடுங்கிக்கொள்ளும். அடுத்த கேள்வி, அதற்கு முன் பிபிஎஸ் (உப்புக் கரைசல்) விட்டுக் கழுவுவது ஏன். மிச்ச சீரம் டிரிப்சினை முடக்கிவிடும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒருநாள் கழுவ மறந்துவிட்டு, கழன்று வராத செல்களைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.