மீசையில்லாத ரஜினியும் புரையேறிய தேநீரும்

நேற்றிரவு, மீசையில்லாத ரஜினியைத் தேங்காய் சீனிவாசன் ஏற இறங்கப் பார்த்த நொடியில், என் அருகில் அமர்ந்திருந்த நண்பனுக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

இத்தனைக்கும் 1981-இல் பாலசந்தர் இயக்கத்தில் வெளிவந்த ‘தில்லு முல்லு’ படம் எங்கள் நால்வருக்கும் ஏறக்குறைய மனப்பாடம். வசனம் வருவதற்கு முன்பே ஒருவன் அதைச் சொல்லிவிடுவான், மற்றவர்கள் அவனை அதட்டிவிட்டு, பிறகு அதே வசனத்திற்குப் புதிதாகக் கேட்பவர்களைப் போலச் சிரிப்பார்கள்.

படம் முடிந்த சூட்டோடு, 2013-இல் வந்த மறு ஆக்கத்தையும் போட்டோம்.

அரை மணி நேரத்தில் ஒருவன் கைபேசியை எடுத்துவிட்டான்.

முதலாளியாக வந்த தேங்காய் சீனிவாசனின் இடத்தில் நின்ற பிரகாஷ் ராஜ் எவ்விதத்திலும் குறைந்த நடிகர் அல்லர். பழைய கதையைத் திரும்ப எடுத்ததும் குற்றமன்று. பாலசந்தரின் படமே, ஹிருஷிகேஷ் முகர்ஜி 1979-இல் இந்தியில் எடுத்த ‘கோல்மால்’ படத்தின் தமிழ் வடிவம்தானே!

ஆனால், பாலசந்தர் கதையைக் கடன் வாங்கினாலும், அதில் உலவும் மனிதர்களைத் தம் ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டார். ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய்யைத் தேடும் இளைஞனின் தவிப்பும், ஏமாறுகிறோம் என்றே தெரியாத முதலாளியின் வெகுளித்தனமான கண்டிப்பும் நமக்குப் பழக்கமானவையாக இருந்தன. புதிய படமோ அந்த மனிதர்களை விட்டுவிட்டு, நாம் முன்பு சிரித்த இடங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அவற்றை நோக்கி ஓடுவதாக எனக்குத் தோன்றியது.

பாதியிலேயே நிறுத்தினோம். நள்ளிரவு கடந்திருந்தது. “பழைய படத்தில் வரும் அந்த நேர்முகத் தேர்வுக் காட்சியை மட்டும் இன்னொரு முறை போடேன்” என்றான், தேநீர் புரையேறியவன்.