பாட்டியின் சுண்டுவிரல்

சுண்டுவிரலை மட்டும் இன்று நான்கு முறை அழித்துவிட்டேன். தாளில் அந்த இடம் மெலிந்து நார் எழுந்துவிட்டது.

நாளை ஓவிய வகுப்பில் கொடுக்க வேண்டிய பென்சில் படம். வெற்றிலைக் காம்பைக் கிள்ளும் பாட்டியின் வலது கை.

எச்.பி. பென்சிலில் கோடுகள் சரியாகத்தான் வந்தன, ஆனால் கையில் உயிர் இல்லை. பிறகு 6பி எடுத்தேன். அதில் களிமண் குறைவு, கிராஃபைட் அதிகம். அதனால்தான் அத்தனை கருமை, அத்தனை மென்மை. புறங்கை நரம்பை நான் வரையவே இல்லை. இரு பக்கமும் நிழல் தீட்டினேன். நடுவில் தொடாமல் விட்ட வெள்ளைத் தாளே நரம்பாகப் புடைத்து நின்றது. எனக்கு மெய்சிலிர்த்தது.

விரல் மட்டும் வரவில்லை.

மாலையில்தான் கவனித்தேன். நான் நேரான விரலை வரைந்துகொண்டிருக்கிறேன். பாட்டியின் சுண்டுவிரல் நுனி உள்பக்கமாக வளைந்திருக்கிறது.

அந்தக் கை பிசைந்து கொடுத்த சோற்றை உண்டு வளர்ந்தவன் நான். இத்தனை வருடங்களில் ஒரு நாளும் அதை முழுதாகப் பார்க்கவில்லை.

"இது எப்போது வளைந்தது பாட்டி?"

"உன் அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது, கிணற்று ராட்டினத்தில் சிக்கியதடா."

ஐந்தாம் முறை அழிக்காமல் வரைந்தேன்.