சேம்பருக்குள் இறங்காத பூச்சுக் குண்டுகள்

9 மில்லிமீட்டர் பிஸ்டல் தோட்டாக்களை (பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு) நானே நிரப்பத் தொடங்கியதிலிருந்து ஜாக்கெட் குண்டுகளோடுதான் பழக்கம். செம்பு உறை போட்ட அந்தக் குண்டுகள் அதிகம் படுத்துவதில்லை. பெட்டியின் மேல் 0.355 அங்குலம் என்றிருந்தால் உள்ளேயும் அநேகமாக அதுதான் இருக்கும். பாலிமர் பூச்சு போட்ட ஈயக் குண்டுகளுக்கு மாறிய பிறகுதான் வேலை வைத்தது. டையில் (தோட்டாவை அழுத்தி உருக்கொடுக்கும் அச்சு) எதையும் தொடவில்லை, மருந்தும் அதேதான். ஆனாலும் சில தோட்டாக்களுக்குத் துப்பாக்கியின் ஸ்லைடு முழுதாக மூடாமல் ஒரு நூல் இடைவெளியில் நின்றது. கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் மூடிவிடும்தான். ஆனால் அப்படித் தட்டி உட்கார வைக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. எதனால் இறுகுகிறது என்று தெரியாத தோட்டாவைச் சுட நான் தயாராக இல்லை.

பேரலைக் கழற்றி, நிரப்பிய தோட்டாவை அதற்குள் போட்டுப் பார்ப்பதுதான் முதல் சோதனை. சரியான தோட்டா 'டக்' என்று விழும், விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்றும், பேரலைக் கவிழ்த்தால் தானே வெளியே வரும். என்னுடையதில் பாதிக்கு மேல் தேறின. மற்றவை சேம்பரின் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) வாய்வரை வந்து ஒட்டிக்கொண்டன.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்கிற வைத்தியம் ஒன்றுதான்: "குண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்து." குண்டின் மூக்கு வளைவு பேரலின் உள்சுவரில் வெட்டியிருக்கும் சுருள் வரிகளில் முட்டுகிறதென்றால் அது சரிதான். வேறு நோய்க்கு அதைக் கொடுத்தால் ஆபத்து. 9 மில்லிமீட்டர் கூடு சின்னது. குண்டு ஆழமாக இறங்க இறங்க மருந்துக்கு இருக்கும் இடம் சுருங்கி, அழுத்தம் சட்டென்று ஏறும். ஆகவே எங்கே முட்டுகிறது என்று தெரியும்வரை நீளத்தில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

ப்ரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) மருந்தும் இல்லாத வெற்றுத் தோட்டாக்கள் சிலவற்றைத் தயார் செய்து, குண்டிலிருந்து கூட்டின் பாதிவரை கறுப்பு மார்க்கரால் பூசி, பேரலில் போட்டு லேசாகத் திருகி எடுத்தேன். வரிகளில் முட்டியிருந்தால் குண்டின் வளைவில் சீரான இடைவெளியில் சின்னச் சின்னக் கீறல்கள் தெரிய வேண்டும். அங்கே மை அப்படியே இருந்தது. கூட்டின் வாய்க்குச் சற்றுக் கீழே, குண்டு உட்கார்ந்திருக்கும் பகுதியைச் சுற்றி மை தேய்ந்து பித்தளை பளபளத்தது. ஆக, நீளம் காரணமில்லை, பருமன்தான்.

அடுத்து மைக்ரோமீட்டரை எடுத்தேன். இந்த வேலைக்கு வெர்னியர் காலிப்பர் போதாது. அதன் பிழையே ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் இருக்கும். நாம் தேடுவதும் அதே அளவுதான். ஒவ்வொரு குண்டையும் திருப்பித் திருப்பி அளக்க வேண்டும், ஏனென்றால் வார்ப்புக் குண்டுகள் முழு வட்டமாக இருப்பதில்லை. ஈயக் குண்டுக்கு 0.356 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 0.357 முதல் 0.358 வரை காட்டின. பூச்சு போட்ட பிறகு, குண்டை ஒரே விட்டத்துக்குக் கொண்டுவரும் அளவு டையில் தள்ளாமல் விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். பவுடர் பூச்சாக இருந்தால் அது மட்டுமே விட்டத்தை ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு கூட்டிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவு. கூட்டின் சுவர் 0.0115 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சேர்த்து 0.023. அதோடு 0.358 சேர்ந்தால் 0.381. வாய்ப்பகுதிக்குத் தரத்தில் உள்ள உச்ச அளவு 0.380. அதே கூட்டில் 0.356 குண்டு இருந்தால் 0.379, பிரச்சினை இல்லை. சுவர் 0.010 மட்டுமே உள்ள கூட்டில் அந்தப் பருத்த குண்டுகூட 0.378-க்குள் அடங்கிவிடும். பாதி தேறி பாதி மாட்டிய மர்மம் இதுதான். பொறுக்கிச் சேர்த்த பல தயாரிப்புக் கூடுகளைக் கலந்து நிரப்பினால் இந்த வித்தியாசம் வரத்தான் செய்யும். 147 கிரெய்ன் எடையுள்ளவை போன்ற நீளமான குண்டுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. கூட்டின் சுவர் உள்ளே போகப் போகத் தடிக்கும், குண்டின் அடிப்பாகம் அந்தத் தடித்த இடத்தில் போய் உட்கார்ந்து வெளியே வீங்கும்.

சரி, கிரிம்பை, அதாவது கூட்டின் வாயைக் குண்டின் மேல் அழுத்தும் கடைசிப் பிடியை, இறுக்கிவிட்டால் என்ன? ஒரு வெற்றுத் தோட்டாவில் இறுக்கிப் பார்த்துவிட்டு, குண்டைத் தனியே உருவி எடுத்தேன். பூச்சைச் சுற்றி வளையமாக ஒரு வெட்டு, அதற்குள் ஈயம் பளிச்சென்று தெரிந்தது. ஈயம் பேரலில் ஒட்டாமல் காப்பதற்குத்தானே அந்தப் பூச்சு! அது கிழிந்தால் பூச்சே இல்லாத ஈயத்தைச் சுடுவதற்குச் சமம். போதாததற்கு, அழுத்தியதும் பித்தளை கொஞ்சம் விரிந்து திரும்பும், ஈயம் திரும்பாது. இறுக்க இறுக்கப் பிடி தளரும் என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் உண்மை. பிடி தளர்ந்த குண்டு மேகசினிலிருந்து ஏறும்போது மோதி உள்ளே போய்விடலாம். மறுபடியும் அழுத்தப் பிரச்சினைதான்.

நிரப்பி முடித்த தோட்டாவை கார்பைடு வளையத்தில் தள்ளி ஒரே அளவாக்கும் டைகளும் இருக்கின்றன. தோட்டா கட்டாயம் சேம்பரில் இறங்கும். ஆனால் அது கூட்டுக்குள் இருக்கும் குண்டையும் சேர்த்து நசுக்கும். பேரலை விடக் குண்டு சிறுத்துவிட்டால் சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை உருக்கிப் பேரலில் அப்பும். ஜாக்கெட் குண்டுக்கு அந்த டை பரவாயில்லை. ஈயத்துக்கு நான் பயன்படுத்துவதில்லை.

குண்டைக் கூட்டுக்குள் வைப்பதற்கு முன்பே அளவுக்குக் கொண்டுவருவதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. முதலில் என் பேரலின் அளவு தெரிய வேண்டும். மிருதுவான ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவி, பேரல் வழியாகத் தள்ளி எடுத்து அளந்ததில் 0.355-ஐ ஒட்டி வந்தது. அதைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதல் என்றால் 0.356. அந்த அளவு டையை பிரஸ்ஸில் மாட்டி, குண்டுகளை ஒவ்வொன்றாக அதன் வழியே தள்ளினேன். சில தாராளமாகப் போயின, சில நெம்புகோலில் நன்றாகவே கனத்தன. பூச்சு நன்றாக வெந்திருந்தால் உரியாது. அசிட்டோன் நனைத்த துணியால் தேய்த்துப் பார்த்தேன், நிறம் இறங்கவில்லை. கடினமான ஈயக் கலவை கொஞ்சம் விரிந்து திரும்பும் என்பதால் மறுபடி அளப்பது நல்லது. என்னுடையவை 0.356-ஐச் சுற்றியே நின்றன.

கூடவே, கூட்டின் வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டரில் ஜாக்கெட் குண்டுக்கானதை மாற்றி, ஈயக் குண்டுக்கென்று வரும் சற்றே பருத்து நீண்ட ஒன்றைப் போட்டேன். கூட்டின் வாய் போதுமான அளவு விரியாவிட்டால் குண்டு உட்காரும்போதே பூச்சு சீவப்பட்டுச் சுருள் சுருளாக வரும். கிரிம்ப் என்பது அந்த விரிப்பைத் திரும்பத் தட்டையாக்கும் அளவுக்கு மட்டும். இப்படிச் செய்தவை தடித்த கூடுகளிலும் 'டக்' என்று விழுந்தன.

ஏற்கெனவே நிரப்பியதில் மாட்டிக்கொண்டவற்றைச் சுத்தியல் வகை புல்லரால் பிரித்து, குண்டுகளையும் டைக்கு அனுப்பினேன். பெட்டியின் அடியில், டையில் இன்னும் தள்ளாத குண்டுகள் கொஞ்சம் மிஞ்சின. .38 ஸ்பெஷல் ரிவால்வரில் ஈயக் குண்டுக்கு வழக்கமான அளவே 0.358 தான். அவற்றை ரிவால்வர் வைத்திருக்கும் நண்பர் கேட்டு வாங்கிக்கொண்டார். மருந்தின் அளவை அந்தத் தோட்டாவுக்குரிய அட்டவணையில் பார்த்துப் போடச் சொல்லிக் கொடுத்தேன்.